டிவிக்குக் கீழே ஒரு கணினி: கேபினெட் செய்யும் கோளாறுகளைப் பிடிப்பது எப்படி

வரவேற்பறையில் டிவிக்குக் கீழே வைத்த கணினி முரண்டு பிடித்தால், பெரும்பாலோர் முதலில் ரேமைக் கழற்றித் துடைக்கிறார்கள். அடுத்து விண்டோஸை மறுபடி நிறுவுகிறார்கள். மூன்றாவதாக, பொருள் வாங்கிய கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். பாகங்கள் எல்லாம் உட்காரும் கேபினெட்டை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை. அது வெறும் தகரப் பெட்டிதானே என்ற நினைப்பு. எனக்கும் உறவினர்களுக்குமாக ஐந்து ஹோம் தியேட்டர் கணினிகளைக் கட்டிய பிறகு நான் தலைகீழாகத் தொடங்குகிறேன். முதல் குற்றவாளி கேபினெட், இரண்டாம் குற்றவாளி அது உட்கார்ந்திருக்கும் ஷோகேஸ். அவை இரண்டும் நிரபராதி என்று நிரூபித்த பிறகுதான் மற்ற பாகங்களைத் தொடுவேன்.

நின்ற வாக்கில் இருக்கும் சாதாரணக் கேபினெட்டில் இடம் தாராளம். கட்டுபவர் தவறு செய்தாலும் அது பொறுத்துக்கொள்ளும். படுத்த வாக்கில் இருக்கும் ஹோம் தியேட்டர் கேபினெட் அப்படியல்ல. ஆம்ப்ளிஃபயரோடு ஒட்டி நிற்க வேண்டும் என்பதற்காக அகலத்தை 43, 44 செமீ என்று வைத்துவிட்டு, உயரத்தை 8 செமீ முதல் 17 செமீக்குள் அமுக்கியிருப்பார்கள். போதாதென்று, நாம் அதை மூன்று பக்கமும் பிளைவுட் அடைத்த தட்டுக்குள் தள்ளி, முன்னால் கண்ணாடிக் கதவையும் சாத்திவிடுகிறோம்.

எதையும் கழற்றும் முன்

இரண்டே சோதனைகள். முதலாவது மேசைச் சோதனை: கணினியை ஷோகேஸிலிருந்து வெளியே எடுத்து, வெறும் மேசையில் வைத்து, கோளாறு வந்த அதே படத்தை ஓட்டிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் குற்றம் ஷோகேஸ்மீது. மறையாவிட்டால் இரண்டாவதான மூடிச் சோதனை: கேபினெட்டின் மேல் மூடியைக் கழற்றிவிட்டு அதே படம். இப்போது மறைந்தால் குற்றம் கேபினெட்மீது. இரண்டிலும் மாற்றமே இல்லை என்றால்தான் உள்ளே இருக்கும் பாகத்தைத் தேட வேண்டும். பின்னால் இந்த இரண்டையும் பெயர் சொல்லியே குறிப்பிடப்போகிறேன்.

பட்டனை அழுத்தினால் உயிரே இல்லை. அல்லது ஒரு நொடி சுழன்று நின்றுவிடுகிறது

புதிதாகக் கட்டிய அன்று இரவு வரும் நெஞ்சடைப்பு இது. பதற வேண்டாம். மதர்போர்டு செத்திருப்பதற்கான வாய்ப்பு குறைவு.

முன்பக்கப் பட்டனின் கம்பியைச் சரியான பின்னில் செருகினீர்களா என்று பாருங்கள். 9 பின்கள் கொண்ட அந்தச் சிறு வரிசையில் 6ஆம் 8ஆம் பின்கள்தான் பவர் சுவிட்ச். 5, 7 ரீசெட். கம்பியைக் கழற்றிவிட்டு 6, 8 இரண்டையும் ஒரு ஸ்குரூ டிரைவர் முனையால் நொடிப்பொழுது தொட்டுப் பாருங்கள். கணினி எழுந்தால் பழுது பட்டனிலோ அதன் கம்பியிலோதான்.

அடுத்தது, பிராசஸருக்குத் தனியாக வரும் 4 அல்லது 8 பின் மின்கம்பி. இதைச் செருக மறப்பவர்கள் எண்ணிக்கையைப் பற்றி நான் ஏளனமாகப் பேச முடியாது. நானே இரண்டு முறை மறந்திருக்கிறேன். படுத்த கேபினெட்டில் அந்த முனை எஸ்எம்பிஎஸ்ஸின் (பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) அடியிலோ டிவிடி டிரைவ் தாங்கியின் அடியிலோ ஒளிந்துகொள்ளும். மதர்போர்டை உள்ளே இறக்கிய பிறகு விரல் நுழையாது. அந்தக் கம்பியை முதலில் செருகிவிட்டு அதன் பிறகு போர்டைத் திருகுங்கள்.

விசிறி ஒரு நொடி சுழன்று நின்றால் ஷார்ட் சர்க்யூட். போர்டைத் தாங்கும் பித்தளைத் தூண்களில் ஒன்று தேவையில்லாத இடத்தில் நிற்கிறது என்று பொருள். பெரிய அளவான ஏடிஎக்ஸ் போர்டுக்கென்று தொழிற்சாலையிலேயே பதித்த தூண், நீங்கள் போடும் சிறிய போர்டின் அடிவயிற்றில் குத்தும். துளைகளோடு தூண்களை ஒன்றுக்கு ஒன்று எண்ணிச் சரிபாருங்கள், மிச்சமிருப்பதைக் கழற்றுங்கள். பின்பக்கத் தகட்டின் மெல்லிய நாக்குகளையும் பாருங்கள். அவற்றில் ஒன்று மடங்கி யூஎஸ்பி துளைக்குள்ளோ லேன் துளைக்குள்ளோ புகுந்திருப்பது அடிக்கடி நடப்பதுதான்.

எஸ்எம்பிஎஸ்ஸை முன்பக்கம் வைத்து, பின்பக்கத்திலிருந்து உள்ளுக்குள்ளேயே ஒரு நீட்டிப்புக் கம்பி ஓடும் வகைக் கேபினெட் என்றால், அந்தக் கம்பியின் உள்முனை தளர்ந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சுவரில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு.

இத்தனைக்கும் அசையாவிட்டால், போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின்மீது வைத்து, பிராசஸர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் இணைத்து ஓட்டுங்கள். அங்கே ஓடினால் கேபினெட்டுக்குள் எங்கோ உலோகம் உரசுகிறது.

மூடி சேரவில்லை, சேர்ந்தாலும் கூலர் உறுமுகிறது

பிராசஸரைக் குளிர்விக்கும் கூலரின் உயரம் கேபினெட்டின் எல்லைக்குள் இருக்கிறது என்று கணக்குப் பார்த்துத்தான் வாங்கினோம், பிறகு ஏன் இந்த உறுமல்? ஏனென்றால் எல்லை என்பது மூடி இடிக்காத உயரம். விசிறி மூச்சு விடும் உயரம் அதற்கும் கீழே. மேலிருந்து காற்றை உறிஞ்சிக் கீழே தள்ளும் கூலருக்கும் மூடிக்கும் நடுவே ஒரு விரற்கடையாவது இடைவெளி வேண்டும். அல்லது அந்த விசிறிக்கு நேர்மேலே மூடியில் துளைகள் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வதற்குச் சமம்.

எண்களோடு பார்ப்போம். ஃபிராக்டல் டிசைன் நிறுவனத்தின் நோட் 202 கேபினெட் 56 மிமீ உயரக் கூலர்வரை ஏற்கும். சில்வர்ஸ்டோன் எம்எல்03 ஏற்பது 70 மிமீ. நாக்டுவா என்ஹெச்-எல்9ஐ கூலரின் மொத்த உயரம் 37 மிமீ. ஏஎம்டி பிராசஸரோடு பெட்டியில் வரும் ரெய்த் ஸ்டெல்த் 54 மிமீ. நோட் 202இல் ரெய்த் ஸ்டெல்த்தை வைக்கலாம்தான், 2 மிமீ மிச்சம். மூடியின் துளைகளில் தூசி வடிகட்டி அடைத்துக்கொள்ளும் நாளில் அந்த 2 மிமீ எதற்கும் உதவாது. 37 மிமீ கூலர் பார்ப்பதற்குச் சிறியது, ஆனால் அதற்கு மேலே 19 மிமீ காற்று இருக்கிறது. குறைந்த வெப்பம் தரும் பிராசஸருக்கு நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ரேமைப் பற்றி ஒரே வரி: அலங்கார உலோகச் சட்டை போட்ட ரேம் 40 மிமீக்கு மேல் வளர்ந்து, அகலமான கூலரின் விளிம்பை முட்டும், சட்டையில்லாத சாதாரண ரேமே இங்கே உத்தமம்.

மேசையில் நன்றாக ஓடுகிறது. ஷோகேஸில் வைத்தால் முக்கால் மணி நேரத்தில் திணறுகிறது

படம் தொடங்கும்போது ஒரு குறையும் இருக்காது. இடைவேளை வரும் நேரத்தில் விசிறி இரையத் தொடங்கும். அதன் பிறகு படம் விட்டுவிட்டு ஓடும். சில சமயம் கணினியே அணைந்துவிடும். இது வெப்பம். பிராசஸர் தன் எல்லையைத் தொட்டதும் (பல இன்டெல் பிராசஸர்களுக்கு அது 100 டிகிரி) தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.

ஆனால் உடனே ஷோகேஸைக் குடையாதீர்கள். முதலில், படம் ஓடும்போது பிராசஸர் எவ்வளவு உழைக்கிறது என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். 5 முதல் 15 சதவீதம் என்றால் சரி. 80 சதவீதம் என்றால் கேபினெட் பாவம், அதை விட்டுவிடுங்கள். சுருக்கி வைத்த படத்தைப் பிரிக்கும் வேலையை (டிகோடிங்) அதற்கென்றே உள்ள வன்பொருள் செய்யாமல் பிராசஸரே சுமக்கிறது. 10 பிட் ஹெச்இவிசி (படத்தைச் சுருக்கும் ஒரு முறை) கோப்புகளுக்கு இன்டெல்லில் 7ஆம் தலைமுறையாவது வேண்டும். இன்னொரு சுருக்கும் முறையான ஏவி1 கோப்புகளுக்கு 11ஆம் தலைமுறை. வன்பொருள் அதற்குத் தகுதியானது என்றால், படம் ஓட்டும் மென்பொருளில் வன்பொருள் டிகோடிங் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உழைப்பு குறைவு, வெப்பம் மட்டும் அதிகம் என்றால் இப்போது மேசைச் சோதனை, மூடிச் சோதனை இரண்டையும் தலா ஒரு மணி நேரம் செய்து வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்தும் பெரிதாகக் குறையவில்லையா? கூலர் சரியாக உட்காரவில்லை அல்லது கூலருக்கும் பிராசஸருக்கும் நடுவே தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டது. மூடி திறந்ததும் 10 டிகிரி இறங்குகிறதா? காற்று உள்ளே வரவோ வெளியே போகவோ வழியில்லை.

விசிறிகள் எந்தப் பக்கம் ஊதுகின்றன என்று தெரிந்துகொள்ள ஊதுபத்தியைவிட நல்ல கருவி எனக்குத் தெரிந்து இல்லை. கொளுத்தி, ஒவ்வொரு துளை அருகிலும் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபடுகிறதா, தள்ளப்படுகிறதா என்று பச்சையாகத் தெரியும். (சாம்பல் உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) பின்பக்கம் வெளியே தள்ளிய சூடான புகை, கேபினெட்டைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டுத் துளை வழியாகத் திரும்ப உள்ளே போவதையும் பார்க்கலாம். ஷோகேஸ் நோயின் வேர் அதுதான். விட்ட மூச்சையே மறுபடி இழுப்பது.

எங்கள் வீட்டில் ஒரு சித்திரை மாதம், அறைச் சுவரில் மாட்டும் டிஜிட்டல் வெப்பமானியைத் தட்டுக்குள் வைத்துப் பார்த்தேன். அறை 35 டிகிரி. ஒரு மணி நேரப் படத்துக்குப் பின் தட்டுக்குள் 47. கூலர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அது உறிஞ்சும் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் வைத்திருக்க முடியாது. உள்ளே வரும் காற்று 12 டிகிரி ஏறினால் பிராசஸரும் ஏறத்தாழ அதே அளவு ஏறும். ஐரோப்பாவில் 20, 22 டிகிரி அறையில் எழுதிய மதிப்புரையை நம்பி நாம் வாங்கும்போது நம் மே மாதத்தையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

செலவில்லாத மருந்துகள் முதலில். கண்ணாடிக் கதவைப் படம் பார்க்கும்போது திறந்து வையுங்கள். கேபினெட்டின் பின்பக்கம் சுவருக்கோ பலகைக்கோ 8 செமீ விடுங்கள். கேபினெட்டின்மேல் இருப்பதை எல்லாம் இறக்குங்கள். செட்டாப் பாக்ஸ் தன் பங்குக்குச் சூடாகும் பொருள். அதைத் துளைகளின் மேலேயே வைப்பது இரட்டைக் கேடு. என் சித்தி வீட்டில், கறுப்புத் தகரம் பார்க்க நன்றாக இல்லை என்று குரோஷா பின்னல் துணியை விரித்து, அதன்மேல் கொலுவில் மிஞ்சிய செட்டியார் பொம்மையை உட்கார வைத்திருந்தார்கள். நான் மூன்று மணி நேரம் பயாஸை (கணினி எழும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) குடைந்த பிறகுதான் துணியைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் இருந்தது முழுக்கத் துளைகள்.

இரண்டாவது மருந்து பயாஸில் இருக்கிறது. 65 வாட் என்று எழுதி விற்கும் பிராசஸர்கள் உண்மையில் அதற்குள் அடங்கி நடப்பதில்லை. இன்டெல் ஐ5-12400 எடுத்துக்கொண்டால் அடிப்படை 65 வாட், உச்சத்தில் 117 வாட்வரை இழுக்கும். நீண்டநேர மின் வரம்பை 35 வாட் என்று நீங்களே குறித்துவிடுங்கள். படம் பார்ப்பதற்கு அதற்குமேல் அவசியமே இல்லை. வித்தியாசத்தை வீட்டில் ஒருவரும் உணர மாட்டார்கள். ஏஎம்டி போர்டுகள் பலவற்றில் இதையே ஈகோ மோட் என்ற பெயரில் 45 வாட்டுக்குக் கொண்டுவரலாம்.

அதற்குப் பிறகும் குறையவில்லையென்றால் ஆசாரியைக் கூப்பிட வேண்டியதுதான். தட்டின் பின்பலகையில், மேல் மூலைக்கு அருகே 12 செமீ வட்டத் துளை ஒன்று; அதில் 120 மிமீ விசிறி ஒன்று, வெளிப்பக்கம் ஊதும்படி. விசிறியில் குறுக்குக் கால்களும் கம்பியும் இருக்கும் பக்கமே காற்று வெளிவரும் பக்கம். முன்பக்கம் திறந்திருந்தால் உள்ளே வரும் காற்று தானாக வரும். யூஎஸ்பியில் ஓடும் 5 வோல்ட் விசிறி போதும். கணினி எழும்போது அதுவும் எழும், அணையும்போது அணையும். எங்கள் தட்டில் 47 என்பது 38 ஆனது. ஆசாரிக்குக் கொடுத்த கூலி, நான் அதற்கு முன்பு வீணாக வாங்கிய கூலரின் விலையில் பாதிகூட இல்லை.

சத்தம்

சத்தம் என்று ஒரே சொல்லில் சொன்னால் கண்டுபிடிக்க முடியாது. என்ன மாதிரியான சத்தம் என்று காதால் பிரிக்க வேண்டும். இரவு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, டிவியை ஊமையாக்கிவிட்டு உட்காருங்கள்.

தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே வேகத்தில் இரைச்சல் என்றால், 3 பின் விசிறியை 4 பின் முனையில் மாட்டியிருக்கிறீர்கள், அந்த முனை பிடபிள்யூஎம் (துடிப்புச் சைகையால் வேகம் சொல்லும்) முறையில் இருக்கிறது. 3 பின் விசிறிக்கு அந்த மொழி புரியாது. முழு 12 வோல்ட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். பயாஸில் அந்த முனையை டிசி முறைக்கு (வோல்ட்டைக் குறைத்து வேகத்தைக் குறைப்பது) மாற்றினால் முடிந்தது.

அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி ஏறி இறங்குகிறது என்றால், வெப்பநிலை ஓரிரு டிகிரி ஆடுவதற்கெல்லாம் விசிறி ஓடிப்போய் வேலை செய்கிறது. பயாஸில் விசிறியின் வேக மாற்றத்துக்கான தாமதத்தைக் கூட்டுங்கள். 60 டிகிரிவரை ஒரே வேகம் என்று கோட்டைச் சமமாக்குங்கள். தொடர்ந்து ஒரே அளவில் வரும் மெல்லிய சத்தத்தைக் காது மறந்துவிடும். மாறும் சத்தத்தைத்தான் மறக்காது.

ரீங்காரம் அலையலையாக ஓங்கி அடங்கினால், இரண்டு விசிறிகள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடி ஒன்றோடொன்று மோதுகின்றன. சுருதி சேராத இரண்டு தம்புராக்கள். ஒன்றின் வேகத்தை 100 சுற்று குறைத்துவிடுங்கள்.

அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்று தொடர்ந்து வந்து, கேபினெட்டை ஒரு விரலளவு தூக்கினால் நின்றுவிட்டால், அது ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 சுற்று என்பது நொடிக்கு 120. அந்த அதிர்வு தகரத்தின் வழியே பிளைவுட்டுக்கு இறங்கி, வீணைக்குக் குடம்போல ஷோகேஸ் முழுவதும் ஒலிக்கிறது. ஹார்ட் டிஸ்கை நேரடியாகத் தகரத்தில் திருகாமல் ரப்பர் வளையம் கொடுத்துத் திருகுங்கள், கேபினெட்டின் காலடியில் தடித்த ரப்பர் வையுங்கள். இன்னும் நல்லது, சினிமாக் கோப்புகள் இருக்கும் ஹார்ட் டிஸ்குகளை இன்னோர் அறையில் நாஸ் (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்பு) பெட்டியில் வைத்துவிட்டு, டிவிக்குக் கீழே எஸ்எஸ்டி மட்டும் வைப்பது. அதன் பிறகு சிறிய கேபினெட்டும் போதும், வெப்பமும் குறையும்.

மூடியை உள்ளங்கையால் அழுத்தினால் நிற்கும் 'டர்ர்' சத்தத்துக்கு, மூடி உட்காரும் விளிம்பில் மெல்லிய ஃபெல்ட் பட்டை. விசிறி இறகில் கம்பி தட்டும் 'டிக் டிக்' சத்தத்துக்கு ஒரு கேபிள் டை. கொசு பறப்பதுபோன்ற கீச்சுச் சத்தம் எஸ்எம்பிஎஸ்ஸின் அல்லது கிராபிக்ஸ் கார்டின் காயிலிலிருந்து வருகிறது. அதற்கு வீட்டு வைத்தியம் இல்லை, வாங்கிய புதிதென்றால் மாற்றிக் கேளுங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது, ஸ்பீக்கரில் உறுமல்

இதை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில், மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள், ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் உலோக உறைக்கு இணைத்திருப்பார்கள். உறை எர்த்தோடு இணைந்திருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால், கேபினெட் முழுவதும் 230 வோல்ட்டுக்குப் பாதியான 115 வோல்ட் அளவில் மிதந்துகொண்டிருக்கும். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் உண்மையாகவே காப்பு பழுதாகும் நாளில், எர்த் இல்லாத கேபினெட் முழு ஃபேஸாக மாறும். ஈரக் காலோடு குழந்தை தொட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டிவி மாட்டிய சுவரில் பெரும்பாலும் ஒரே ஒரு சாக்கெட்தான் இருக்கும். அதிலிருந்து ஸ்பைக் பஸ்டர், அதிலிருந்து இன்னொன்று, நடுவில் எங்கோ 2 பின் மாற்றி. எர்த் அறுபடும் இடம் அதுதான். கேபினெட்டின் பிளக்கை நேரடியாகச் சுவரில் உள்ள 3 பின் சாக்கெட்டில் செருகி டெஸ்டரை வையுங்கள். எரியாவிட்டால் நடுவிலிருந்த மாற்றிகளைத் தூக்கி எறியுங்கள். அப்போதும் எரிந்தால், சுவர்ச் சாக்கெட்டிலேயே எர்த் இல்லை. எலக்ட்ரீஷியன்தான் வர வேண்டும்.

எர்த் சரியாகும்வரை ஹெச்டிஎம்ஐ கம்பியை மின்சாரம் இருக்கும்போது கழற்றி மாட்டாதீர்கள். செருகும் கணத்தில் அந்த மிதக்கும் வோல்ட் டிவியின் துளை வழியாக இறங்கும். ஹெச்டிஎம்ஐ துளை கெட்டுப்போன டிவிகளில் கணிசமானவை இப்படித்தான் கெட்டிருக்கும் என்பது என் சந்தேகம்.

எர்த் சரியாக இருந்தும் ஸ்பீக்கரில் உறுமல் கேட்டால், கேபிள் டிவி அல்லது டிஷ் ஆன்டெனாவின் கோ-ஆக்சியல் கம்பியைச் செட்டாப் பாக்ஸிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். உறுமல் நின்றால், அந்தக் கம்பி வேறொரு மண்ணிலிருந்து (எர்த்) வருகிறது; இரண்டு மண்ணுக்கும் நடுவே ஓடும் மின்னோட்டத்தைத்தான் கேட்கிறீர்கள். கோ-ஆக்சியல் வழியில், இரண்டு மண்ணையும் பிரித்து வைக்கும் ஐசொலேட்டர் ஒன்று போடலாம், அல்லது கணினியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஆப்டிகல் கம்பி போடலாம். ஒளிக்கு எர்த் தேவையில்லை. பிளக்கின் எர்த் பின்னை உடைத்தாலும் உறுமல் நிற்கும் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

ரிமோட்டுக்கு எழவில்லை, கம்பியில்லா விசைப்பலகை திக்குகிறது

ரிமோட்டின் முனையைக் கைபேசியின் முன்கேமரா எதிரே பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். ஊதா நிறத்தில் மினுக்கினால் ரிமோட் நலம். இனி, கணினி ஓடும்போது ரிமோட் வேலை செய்து, அணைந்த பிறகு எழுப்ப மட்டும் முடியவில்லை என்றால், அணைந்த நிலையில் யூஎஸ்பி துளைக்கு மின்சாரம் போகவில்லை. பயாஸில் இஆர்பி என்ற மின்சேமிப்பு வசதியை அணையுங்கள். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில், ரிமோட்டின் சைகையை வாங்கும் யூஎஸ்பி ரிசீவர் கணினியை எழுப்பலாம் என்ற அனுமதியைக் கொடுங்கள்.

விசைப்பலகை எழுத்துகளை விழுங்கினால், பேட்டரியை மாற்றும் முன் டாங்கிளின் (யூஎஸ்பியில் செருகும் அதன் ரிசீவர்) இடத்தை மாற்றுங்கள். யூஎஸ்பி 3 துளைகள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கக்கும். டாங்கிள் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். கூடவே, உலோகக் கேபினெட்டின் பின்பக்கம் டாங்கிளைச் செருகினால், உங்களுக்கும் அதற்கும் நடுவே ஒரு தகரச் சுவர். ஓரடி நீள யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பி ஒன்றை வாங்கி, டாங்கிளை ஷோகேஸின் முன்விளிம்புக்குக் கொண்டுவந்தால் இரண்டும் தீரும். வைஃபை ஆன்டெனாவுக்கும் இதே கதைதான். ஆனால் படம் பார்க்கும் கணினிக்கு லேன் கம்பி இழுத்துவிடுவதுதான் என் சிபாரிசு.

படம் வரவில்லை, ஓரம் வெட்டுப்படுகிறது, 4கேயில் மவுஸ் அம்பு குதித்துக் குதித்து நகர்கிறது

இதில் கேபினெட்டுக்குப் பங்கு குறைவு என்பதால் வேகமாகப் போகிறேன். ஓரம் வெட்டுப்பட்டால் டிவியின் பட அளவு அமைப்பில், படத்தைப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டும் ஓவர்ஸ்கேனை அணையுங்கள். 4கேயில் 30 ஹெர்ட்ஸ் மட்டும் கிடைத்தால், போர்டின் ஹெச்டிஎம்ஐ துளை 1.4 பதிப்பாக இருக்கலாம்; டிஸ்பிளேபோர்ட் துளையிலிருந்து ஹெச்டிஎம்ஐ 2.0க்கு மாற்றும் ஆக்டிவ் வகை அடாப்டர் வேண்டும். துளை 2.0 என்று தெரிந்தும் கிடைக்காவிட்டால், டிவி அமைப்பில் அந்த உள்ளீட்டுக்கு முழு அலைவரிசையைத் திறந்துவிட வேண்டியிருக்கும்.

டிவியைக் கொஞ்சம் நகர்த்தினால் படம் போய் வந்தால் மட்டும் கேபினெட்டைப் பாருங்கள். பின்பலகை ஹெச்டிஎம்ஐ முனையை அமுக்கி வளைத்துக்கொண்டிருக்கும். முனை, அதன் பின் கம்பி திரும்பும் வளைவு இரண்டுக்கும் சேர்த்து 6, 7 செமீ தேவை.

மின்சாரம் போய் இன்வர்ட்டருக்கு மாறும்போதெல்லாம் ரீஸ்டார்ட்

எஸ்எம்பிஎஸ் தன்னிடம் தேங்கிய மின்சாரத்தை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 16 மில்லி வினாடி சமாளிக்கும். இன்வர்ட்டர் மாறுவதற்கு அதைவிட அதிக நேரம் எடுத்தால் கணினி விழும். பல இன்வர்ட்டர்களின் பின்னால் யூபிஎஸ் முறைக்கு மாற்றும் சிறு சுவிட்ச் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டு மெயினை அணைத்துச் சோதியுங்கள்.

திடீர் மரணம், பொசுங்கிய வாடை

பல்லி தலையில் விழுந்தால் என்ன பலன், தோளில் விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் பட்டியலே இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் விழுந்தால் பலன் பல்லிக்கும் கெடுதல், நமக்கும் கெடுதல். இதமான சூடு, இருட்டு, யாரும் தொடாத மூலை. அது முட்டை வைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கார்டு மாட்டாத பின்பக்க இடுக்குகளுக்குத் தகட்டு மூடியைக் கட்டாயம் போடுங்கள். விசிறியில்லாத பெரிய துளைகளில் கொசுவலைத் துணியை வெட்டி ஒட்டுங்கள். ஆனால் மாதம் ஒருமுறை அதைத் தட்டித் தூசி எடுக்க வேண்டும். இல்லையென்றால் பல்லிக்கு அடைத்த கதவு காற்றுக்கும் அடைபடும்.

புதிதாக வாங்கத்தான் வேண்டும் என்றால்

கேபினெட்டின் படத்தைப் பார்க்கும் முன் தட்டை அளந்துகொள்ளுங்கள். எங்கள் தட்டின் உள் உயரம் 17 செமீ. நான் ஆசைப்பட்ட சில்வர்ஸ்டோன் ஜிடி09இன் உயரமும் சரியாக 17 செமீ. முழு ஏடிஎக்ஸ் போர்டு, 138 மிமீ கூலர்வரை ஏற்கும் அருமையான கேபினெட். ஆனால் அந்தத் தட்டுக்குள் அதை வைப்பது சுவரில் செங்கல் பதிப்பதுபோல. கேபினெட்டுக்கு மேலே 5 செமீயாவது வெற்றிடம் வேண்டும் என்று கழித்துப் பார்த்தால் எனக்கு மிஞ்சியது 12 செமீ. அப்படித்தான் 105 மிமீ உயரமுள்ள எம்எல்03 வகைக்கு வந்தேன். அதில் உயரம் குறைந்த கார்டுகள் மட்டுமே நுழையும். பெரிய கிராபிக்ஸ் கார்டில் விளையாட நினைப்பவர்களுக்கு ஆகாது. விளையாட்டும் வேண்டும், உயரமும் இல்லை என்றால் நோட் 202: 82 மிமீ உயரம், 31 செமீ நீளக் கார்டைப் படுக்க வைத்துக்கொள்ளும். மினி ஐடிஎக்ஸ் என்ற சிறிய போர்டும் எஸ்எஃப்எக்ஸ் என்ற சிறிய அளவு எஸ்எம்பிஎஸ்ஸும் வாங்க வேண்டும். அவற்றின் விலையையும் சேர்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். விசிறியே இல்லாமல் பக்கச் சுவரையே ஹீட் சிங்க் ஆக்கும் ஸ்ட்ரீகாம் எஃப்சி8 போன்றவை அழகு, நிசப்தம். ஆனால் அவற்றுக்குத் திறந்த மேசை வேண்டும், மூடிய ஷோகேஸ் அல்ல.

தேர்ந்தெடுத்த பிறகு, பணம் கட்டும் முன் ஒரு வேலை. பழைய அட்டைப்பெட்டியை அந்தக் கேபினெட்டின் நீள, அகல, உயரத்துக்கு வெட்டி ஒட்டுங்கள். அதைத் தட்டில் வைத்து, பின்னால் உண்மையான ஹெச்டிஎம்ஐ கம்பியையும் மின்கம்பியையும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். கண்ணாடிக் கதவு சாத்துகிறதா, கம்பி மடங்குகிறதா என்று தெரிந்துவிடும். அதன்மேல் யார் என்ன பொம்மையைக் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்பதும்.